பழைய லாரியின் ஸ்டியரிங் தண்டு ஆடுகிறதா? மேலே எதைப் போடலாம், கீழே எதைப் போடவே கூடாது

பர்மாவில் பெகு பக்கம் நெல்மூட்டை ஏற்றும் ஹினோ வைத்திருப்பவரும், போர்க்காலத்து ஷெவர்லேக்கு மரப்பாடி கட்டி இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஸ்டியரிங் தண்டு ஆடுகிறது, என்ன செய்வது? ஒரு மேஸ்திரி வெண்கல புஷ், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் குழல், கடைந்து போடலாம் என்கிறார். இன்னொருவர் புது பேரிங் வாங்கி வரச் சொல்கிறார். மூன்றாமவர் பழைய இரும்புக் கடையில் முழு செட்டே கிடக்கிறது, கழற்றி மாட்டிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிட்டு நிற்கிறவர்கள் நிறைய.

மூவர் சொல்வதும் ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் ஆபத்து. ஸ்டியரிங் தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் ஒரே இரும்பில் இருந்தாலும் இரண்டின் வேலையும் வேறு. மேலே உள்ள பேரிங் தண்டைக் குழாயின் நடுவில் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். கீழே, ஸ்டியரிங் பெட்டிக்குள், வர்மின் (தண்டின் அடியில் திருகுபோல் புரி வெட்டிய பகுதி) இரு பக்கமும் உள்ள பேரிங்தான் நீங்கள் திருப்புகிற திருப்பத்தை முன்சக்கரம் வரை கொண்டுபோகிறது. மேலே சிக்கனம் பார்க்கலாம். கீழே பார்க்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

## எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்

பர்மாவில் இன்றும் உருளுகிற பழைய லாரிகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். ஒன்று, இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகள் கொண்டுவந்து விட்டுப்போன கனடா நாட்டு ராணுவ ஷெவர்லே. ஒண்டாரியோவின் ஓஷாவா ஆலையில் செய்தது. போருக்குப் பின் இவற்றின் மேல் மரக் கூடு கட்டி ரங்கூனில் பஸ்ஸாகவே பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். இன்னொன்று, ஜப்பானின் போர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 1960-களில் இங்கேயே பொருத்தத் தொடங்கிய ஹினோ மூக்கு லாரி. எல்லாரும் 'டி.இ. லெவன்' என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

ஷெவர்லே அங்குல அளவு, ஹினோ மில்லிமீட்டர் அளவு. பேரிங் கடைக்குப் போகும்போது இந்த ஒன்று பாதி வேலையைத் தீர்மானித்துவிடும்.

இரண்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். 1970 டிசம்பரில் நாடு சாலையின் வலப்பக்கம் ஓட்டத் தொடங்கிய பிறகும் இந்த லாரிகளில் டிரைவர் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வேறு வண்டியின் ஸ்டியரிங் செட்டை எடுத்துப் போடலாமா என்ற கேள்விக்கு வரும்போது இதை மறக்கக் கூடாது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பேரிங்கின் விலையை முதலில் கேட்பது தப்பு. விலை கடைசி. நான் பார்க்கச் சொல்வது இந்த வரிசையில்.

முதலாவது, தண்டின் நிலை. பேரிங் தேய்ந்திருக்கிறதா, பேரிங் உட்காரும் இடத்தில் தண்டே தேய்ந்திருக்கிறதா? தண்டு தேய்ந்திருந்தால் கடையில் கிடைக்கும் எந்தப் புது பேரிங்கும் தளதளவென்றுதான் உட்காரும். இதை வெர்னியரில் பார்த்தால் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். தேயாத இடத்தில் ஒரு அளவு, பேரிங் இடத்தில் நான்கு திசையிலும் ஒவ்வொரு அளவு எடுங்கள். தண்டு ஒரே பக்கமாக முட்டை வடிவில் தேய்வதுதான் வழக்கம்.

இரண்டாவது, வண்டி என்ன வேலை செய்கிறது. தினமும் செங்கலோ மரமோ ஏற்றும் வண்டிக்கும், பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டிக்கும் ஒரே தீர்வு பொருந்தாது.

மூன்றாவது, மழை. ரங்கூனில் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். மோல்மேன் பக்கம் அதைவிட அதிகம். கேபின் கதவுக்குக் கண்ணாடி இல்லாத லாரியில் மேல் பேரிங் நேராகவே நனையும்.

நான்காவது, கைக்கெட்டும் லேத்து. மின்சாரம் வரும் நேரம் பார்த்துத்தான் இப்போது பட்டறைகளில் லேத்து ஓடுகிறது. ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் செலவு உங்கள் பில்லில்தான் ஏறும். லேத்து வேலை அதிகம் கேட்கும் வழி, கணக்கில் தெரிவதைவிட நாள் அதிகம் பிடிக்கும்.

ஐந்தாவது, வீல்டேக்ஸ் எனும் வண்டி வரியைப் புதுப்பிக்க, கஞன எனும் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போது கேள்வி வருமா என்பது. பேரிங் மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. முழு செட்டையே மாற்றினால் கேட்கலாம்.

கியாத் ஏறி இறங்குகிற வேகத்தில் தொகை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அதனால் விலையை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு மட்டும் சொல்கிறேன்.

## முதலில், ஆட்டம் எங்கே?

ஸ்டியரிங் சக்கரத்தின் இரு பக்கத்தையும் பிடித்து, திருப்பாமல், மேலும் கீழும் இடமும் வலமும் அசையுங்கள். சக்கரம் முழுதாகக் குழாய்க்குள் பக்கவாட்டில் ஆடினால் மேல் பேரிங். கேபினுக்குள் ஏறும்போது சக்கரத்தைப் பிடித்துத் தொங்கி ஏறுகிற பழக்கம்தான் மேல் பேரிங்கைத் தின்கிறது. உயரமான லாரியில் உடம்பின் பாதி எடை தினமும் பத்து முறை அதன்மேல் விழுகிறது. கைப்பிடி ஒன்றைக் கதவோரம் அடித்துவிட்டால் அடுத்த பேரிங் இரண்டு மடங்கு காலம் வரும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, சக்கரத்தை உங்களை நோக்கி இழுத்து, பிறகு தள்ளுங்கள். தண்டு நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்ந்தால் அது கீழ் பேரிங், அதாவது வர்ம் பேரிங். இதைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. "கொஞ்சம்தான் ஆடுது அண்ணே, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் வர்மின் புரி 12 மில்லிமீட்டர் நகர்த்தும் என்று வைத்துக்கொள்வோம். தண்டில் நீளவாக்கில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், நீங்கள் திருப்பும் முதல் திருப்பம் செக்டரை (வர்மோடு சேர்ந்து திரும்பும் பாகம்) தள்ளாது. வர்மையே அந்த அரை மில்லிமீட்டர் நகர்த்தும். அரை மில்லிமீட்டர் என்பது 15 டிகிரி. 18 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் அது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். பவர் ஸ்டியரிங் இல்லாத லாரிக்கு அமெரிக்க விதி 18 அங்குலச் சக்கரத்தில் அனுமதிக்கும் மொத்த ஆட்டமே இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின், இரு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட், பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் எல்லாம் புதிதாகவே இருந்தாலும் இந்த அரை மில்லிமீட்டர் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

மேல் பேரிங்கில் அதே அரை மில்லிமீட்டர் இருந்தால்? சக்கரம் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் அசையும். கைக்கு எரிச்சல், கலகல சத்தம். சாலையில் வண்டி அலைவதற்கு அது காரணமில்லை.

ஆகவே வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது என்று மேல் பேரிங்கை மட்டும் மாற்றினால் பணம் வீண். அலைச்சலுக்குக் காரணம் கீழ் பேரிங்கிலோ, செக்டரிலோ, கிங்பின்னிலோ, மூட்டுகளிலோ இருக்கும். ஒருவரைச் சக்கரத்தை லேசாக இங்கும் அங்கும் ஆட்டச் சொல்லி, நீங்கள் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தால் எது முதலில் அசைகிறது, எது தாமதமாக அசைகிறது என்று விரலுக்கே தெரியும்.

## மேல் முனை

கழற்றியதும் முதலில் ஒன்றைத் தேடுங்கள். பல வண்டிகளில் மேல் பேரிங்கைத் தள்ளிப் பிடிக்க ஒரு சுருள்வில்லும் கூம்பு வடிவ வளையமும் இருக்கும். பழைய வண்டியில் முன்பு யாரோ கழற்றும்போது இவை தொலைந்துபோயிருக்கும். பேரிங் நன்றாக இருந்தும் தண்டு ஆடுவதற்கு இதுவே காரணமாகலாம். வில்லைப் போட்டால் வேலை முடிந்தது.

### புது பால் பேரிங்

ஹினோவில் தேய்மானம் இல்லாத தண்டு என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்து அதே எண்ணை வாங்குங்கள். எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் போதும்.

ஷெவர்லேயில்தான் சிக்கல். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கடையில் எளிதாகக் கிடைப்பது 25 மில்லிமீட்டர் பேரிங். குறுகிய குழாய்க்குப் பொருந்தும் 6905 என்பது உள்ளே 25, வெளியே 42, அகலம் 9. ஒரு அங்குலத் தண்டில் அது ஏறாது, 0.4 மில்லிமீட்டர் கடைய வேண்டும். உங்கள் தண்டு 7/8 அங்குலம் என்றால் அது 22.2 மில்லிமீட்டர். அங்கே தண்டைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 1.4 மில்லிமீட்டர் தடிப்பில் உருக்கு வளையம் கடைந்து தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் போட்டால் போதும். என்னிடம் கேட்டால் தண்டைக் கடைவதைவிட வளையம் கடைவது எப்போதும் மேல். 22 மில்லிமீட்டர் தண்டை 21 ஆக்கினால் முறுக்கைத் தாங்கும் பலம் 13 சதவீதம் குறைகிறது. ஹாரன் கம்பி போக நடுவில் துளை உள்ள தண்டு என்றால் இழப்பு இன்னும் அதிகம்.

மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, போலி பேரிங். பெயர்பெற்ற ஜப்பான், ஐரோப்பியக் கம்பெனிப் பெட்டிகளைப் போலவே அச்சடித்த பெட்டியில் எதையாவது போட்டு விற்கிறார்கள். பொறிப்பு மங்கலாக இருக்கிறதா, சுற்றினால் கரகரக்கிறதா, உள்விட்டம் சொன்ன அளவில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டு, எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்து. 'சி3' என்று இருந்தால் உள்ளே கூடுதல் இடைவெளி விட்ட பேரிங். சூடேறும் மோட்டாருக்கு அது நல்லது. ஸ்டியரிங்குக்கு வேண்டாம், புதிதாகவே ஆடும். இருபக்கமும் ரப்பர் மூடி உள்ள 'டூ-ஆர்.எஸ்.' வகை நம் மழைக்கு ஏற்றது.

### வெண்கல புஷ்

தேயாத தண்டுள்ள ஹினோவை விட்டால், வேலைக்கு ஓடும் லாரிக்கு மேல் முனையில் நான் முதலில் சொல்வது இதைத்தான். பால் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதற்காகச் செய்தது. ஸ்டியரிங் தண்டோ பெரும்பாலான நேரம் சில டிகிரிக்குள் இங்கும் அங்கும் அசைகிறது. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதிர்கின்றன. கிரீஸ் அவற்றுக்கு அடியிலிருந்து ஒதுங்கிவிடுகிறது, திரும்ப வந்து சேர்வதில்லை. புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு நல்லது, தேய்ந்த தண்டுக்கும் இது ஒத்துப்போகும். முட்டை வடிவத்தை மட்டும் நீக்கும் அளவுக்குத் தண்டை மெல்லக் கடைந்து, அந்த அளவுக்கு புஷ்ஷின் துளையைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் நல்ல லேத்துக்காரர் வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு இடைவெளி 0.03 முதல் 0.06 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புஷ்ஷைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றியதும் அதன் துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகு துளையைச் சீராக்கும் ரீமர் போட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பே இறுதி அளவுக்குக் கடைந்தவர்கள் ஏற்றிய பின் தண்டு நுழையவில்லை என்று எமரித்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அங்கேயே வட்டம் கெட்டுவிடும். உள்ளே ஒரு கிரீஸ் வழி, வெளியே ஒரு நிப்பிள், மேலே ஒரு ஃபெல்ட் வளையம். இவை மூன்றும் இல்லாத புஷ் அரைகுறை.

எண்ணெய் ஊறிய துளைவெண்கலப் புஷ் கிடைத்தால் கிரீஸ் தொல்லையும் குறையும். அதை மழுங்கிய உளியால் கடைந்தால் எண்ணெய் வரும் நுண்துளைகள் அடைந்துபோகும். சரியான அளவில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

### நைலானும் அதன் உறவுகளும்

மலிவு, எளிது, சத்தம் இல்லை. சின்ன வண்டிகளில் கம்பெனியே போடுகிறது. இங்கே தடை மழைதான். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சித்திரையில் சரியாக உட்கார்ந்த புஷ் ஆடியில் தண்டை இறுக்கிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய சக்கரம் தானாகத் திரும்பி வராது. இடைவெளி கூட்டிக் கடைந்தால் கோடையில் ஆடும். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் டெல்ரின் என்று கேட்டு வாங்குங்கள். அது ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். வெள்ளைக் கட்டையைக் காட்டி 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

ஒரு சங்கதி: தண்டின் நடுவே ரப்பர் அல்லது துணி இணைப்பு உள்ள வண்டிகளில் ஹாரனின் எர்த் மேல் பேரிங் வழியாகத்தான் போகும். அங்கே பிளாஸ்டிக் போட்டால் ஹாரன் அடிக்காது. தனியாக ஒரு எர்த் கம்பி இழுக்க வேண்டும்.

## கீழ் முனை

இங்கே வழிகள் குறைவு, கவனம் அதிகம்.

பேரிங்கைக் கழற்றிக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் வரிசையாகச் சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், வண்டி நேராக ஓடும்போது குண்டுகள் நிற்கும் இடம் அது. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்று அதிர்ந்து தோண்டியது. இந்தக் குழியுள்ள வண்டியை ஓட்டினால் நேர் ஓட்டத்தில் ஸ்டியரிங் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருக்கும். அதிலிருந்து எடுக்கக் கூடுதல் விசை வேண்டும். இதற்கு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய தகடு) எடுப்பதால் பயனில்லை. இறுக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

### ஷிம் எடுத்து இறுக்குவது

தடம் வழவழப்பாக இருந்து, ஆட்டம் மட்டும் இருந்தால் இதுவே போதும். ஏறக்குறைய செலவே இல்லை. பெட்டியிலிருந்து வெளியே நீளும் கையான பிட்மன் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றி, செக்டரின் திருகைத் தளர்த்திவிட்டு, முதலில் வர்ம் பேரிங்கை இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் செக்டர். வரிசை மாறினால் இரண்டுமே தவறாக அமையும். தண்டை இழுத்துத் தள்ளினால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. விரலால் சுற்றினால் சற்றே கனமாக, எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் விளிம்பில் வில்தராசு மாட்டி இழுக்கும் அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். லிங்க் கழன்றிருக்கும்போது தண்டைக் கடைசி வரை வேகமாகச் சுற்றி முட்டவிடாதீர்கள், ரீசர்குலேட்டிங் பால் பெட்டியில் (வர்மின் புரியில் குண்டுகள் சுற்றிவரும் வகை) உள்ளே இருக்கும் குழாய்கள் நசுங்கிப்போகும்.

ஷிம்முக்குப் பதில் பானத் தகரத்தை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அலுமினியம் அழுந்தி மெலிந்துவிடும், ஆட்டம் திரும்பி வரும். பித்தளை ஷிம் தகடு வாங்குங்கள்.

### புது வர்ம் பேரிங்

குழி விழுந்திருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. ஹினோவின் பேரிங் எண் தெரிந்தால் ஜப்பான் தயாரிப்பே தேடிப் பிடிக்கலாம். மேல் பேரிங்கைவிடப் பல மடங்கு விலை. இருந்தாலும் இங்கே பேரம் பேசாதீர்கள்.

பழைய பெட்டிகள் பலவற்றில் தனி உள்வளையமே கிடையாது. குண்டுகள் நேராக வர்மின் முனையில் கடைந்த கூம்பின் மேல் ஓடும். அந்தக் கூம்பில் குழி விழுந்திருந்தால் வெளிக் கிண்ணத்தை மட்டும் மாற்றுவது அரை வேலை. கொஞ்ச நாளில் புதுக் கிண்ணமும் கெடும். குண்டு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டிலிருந்து மாற்றுங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் பாரம் முழுதும் அதன் தலையில்தான்.

கூம்பில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பதப்படுத்திய உருக்கு அந்தச் சூட்டில் பதம் இழக்கும், வெடிப்பு விழும். ஸ்டியரிங் தண்டு ஓடும்போது முறிந்தால் டிரைவர் கையில் எதுவும் மிஞ்சாது. அதேபோல, வண்டியில் வேறு எங்காவது வெல்டிங் வைக்கும்போது எர்த் பிடியை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் புதுத் தடத்திலேயே பொரிப்பொரியாகக் குழி விழும்.

பெட்டி கசிகிறது என்று உள்ளே கிரீஸ் அடைப்பது பரவலான பழக்கம். கெட்டிக் கிரீஸை வர்ம் ஒருமுறை ஒதுக்கித் தள்ளினால் அது அங்கேயே நின்றுவிடும், பேரிங் காய்ந்து ஓடும். சீலை மாற்றிவிட்டு, பெட்டிக்குச் சொன்ன கியர் ஆயிலை ஊற்றுங்கள்.

## முழு செட்டையே மாற்றுவது

வர்மே போய்விட்டால் இந்தப் பேச்சு வரும். அதே வகை வண்டியின் பழைய செட், அல்லது புதிய வண்டியின் செட்.

அதே வகைச் செட் கிடைத்தால் நல்லது. ஆனால் 2011 செப்டம்பரில் பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதிக்கு அனுமதி என்று அரசாங்கம் அறிவித்தபோது உடைபட்டுப்போன வண்டிகள் இனி வரப்போவதில்லை. இப்போது கிடைப்பது உங்கள் வண்டியின் வயசுதான், அதே தேய்மானத்தோடு. கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி வர்மைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். திறக்க மாட்டேன் என்றால் இரும்பு எடைக்கு மேல் கொடுக்காதீர்கள். தண்டில் எங்காவது வெல்டிங் தையல் இருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டியும் பாருங்கள்.

புது வண்டியின் செட்டை மாட்டுவது பார்க்க எளிது. ஆனால் பெட்டியைச் சேஸியில் பிடிக்கும் இடம், பிட்மன் ஆர்மின் நீளம், டிராக் லிங்கின் கோணம், தண்டின் யுனிவர்சல் மூட்டுகளின் திசை எல்லாம் கூடி வர வேண்டும். ஆர்மின் நீளம் மாறினால் முன்சக்கரம் முழுதாகத் திரும்பாது, அல்லது எதிலாவது முட்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் பெட்டியைக் கவிழ்த்து வலப்பக்கம் மாட்டினால் இன்னும் மோசம். இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகும் அமைப்பாகிவிடும் வாய்ப்பு உண்டு. பவர் ஸ்டியரிங் சேர்க்க விரும்புகிறவர்கள், சேஸி வேலை தெரிந்த நல்ல பட்டறை கையில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | செலவு | தேய்ந்த தண்டுக்கு | மழைக்கு | மறைந்த செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| மேலே பால் பேரிங் | நடுத்தரம் | பொருந்தாது, வளையம் வேண்டும் | ரப்பர் மூடி இருந்தால் நன்று | போலி, அங்குலச் சிக்கல் | ஹினோ, தேயாத தண்டு. அசல் நிலைக்கு மீட்கும் வண்டி |
| மேலே வெண்கல புஷ் | பொருள் மலிவு, கூலி கூட | மிகப் பொருத்தம் | நன்று, கிரீஸ் போட வேண்டும் | லேத்துக் காத்திருப்பு | தினமும் பாரம் ஏற்றும் லாரி |
| மேலே டெல்ரின் | மலிவு | ஓரளவு | நன்று | ஹாரன் எர்த் | எப்போதாவது எடுக்கும் வண்டி |
| மேலே நைலான் | மிக மலிவு | ஓரளவு | மோசம் | மழையில் இறுகும் | அவசரத்துக்கு, வறண்ட ஊரில் மட்டும் |
| கீழே ஷிம் | மிகக் குறைவு | – | – | தவறான வரிசை | தடம் வழவழப்பாக இருக்கும்போது |
| கீழே புது பேரிங் | அதிகம் | வர்ம் நன்றாக இருக்க வேண்டும் | சீல் மாற்றினால் நன்று | வர்ம் கூம்பு கெட்டிருக்கலாம் | தடத்தில் குழி விழுந்தபோது |
| அதே வகைப் பழைய செட் | அதிகம் | தண்டே மாறுகிறது | – | அதே வயசுத் தேய்மானம் | வர்ம் போனபோது |
| புது வண்டியின் செட் | மிக அதிகம் | தண்டே மாறுகிறது | – | சேஸி வேலை, கஞன கேள்வி | பவர் ஸ்டியரிங் உண்மையாகவே தேவைப்படும்போது |

## எல்லா வழிக்கும் பொதுவான செலவு ஒன்று

ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றுவது. பேச்சில் இது கணக்கிலேயே வராது. ஆண்டுக்கணக்கில் பற்களில் இறுகிய சக்கரம் கையால் வராது. நட்டைக் கழற்றிவிட்டுத் தண்டின் தலையில் சுத்தியல் போடுவதுதான் பல பட்டறைகளின் வழக்கம். அந்த அடி முழுதும் தண்டு வழியாக இறங்கி, கீழே உள்ள வர்ம் பேரிங்கின் தடத்தில் குண்டுகளைப் பதிக்கும். மேல் பேரிங்கை மாற்றப்போய்க் கீழ் பேரிங்கைக் கெடுத்துக்கொண்டு வருகிற வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. மரையும் நசுங்கும், பேக்கலைட் விளிம்பும் வெடிக்கும்.

சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லர் வேண்டும். இல்லையென்றால் லேத்துக்காரரிடம் தடித்த தகட்டில் மூன்று துளை போட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். கூலி ஒரு நைலான் புஷ் விலைக்கு மேல் போகாது. நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று மரையில் விட்டுவிட்டு இழுங்கள், சக்கரம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காது. கழற்றும் முன் சக்கரத்திலும் தண்டிலும் ஒரே கோட்டில் புள்ளி குத்தி வையுங்கள்.

## யாருக்கு எது

பாரம் ஏற்றும் ஹினோ, மேலே மட்டும் ஆட்டம், தண்டு நல்ல நிலை: ரப்பர் மூடிய புது பேரிங், ஒரே நாளில் வேலை முடியும். தண்டு தேய்ந்திருந்தால் வெண்கல புஷ்.

பாரம் ஏற்றும் ஷெவர்லே: தண்டு எப்படியும் தேய்ந்திருக்கும், அளவும் அங்குலம். மேலே வெண்கல புஷ்ஷுக்கு மேல் நல்ல தீர்வு இல்லை. கீழே கூம்பைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கொடியும் மாலையும் கட்டித் திருவிழாவுக்கு எடுக்கும் வண்டி: டெல்ரினே போதும். ஆனால் இந்த வண்டியில் ஜனங்கள் ஏறுகிறார்கள். கீழ் முனையில் தினமும் ஓடும் லாரிக்கு என்ன கண்டிப்போ அதே கண்டிப்பு வேண்டும்.

அசல் நிலைக்கு மீட்க விரும்புகிறவர்: மேலே பால் பேரிங், 1.4 மில்லிமீட்டர் போன்ற வளையத்தோடு. தண்டைக் கடையாதீர்கள், பின்னால் அசல் பாகம் கிடைக்கும்போது அது பொருந்த வேண்டும்.

கையில் பணம் குறைவு, இரண்டு முனையும் ஆடுகிறது என்றால் கீழ் முனையை முதலில் செய்யுங்கள். மேலே பழைய பேரிங்கையே கழுவிக் கிரீஸ் போட்டு, வில் இல்லாவிட்டால் வில்லைப் போட்டு அடுத்த அறுவடை வரை ஓட்டலாம்.

மாற்றிய பின் முதல் ஓட்டத்தை வெறும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இடம், வலம் இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, விட்டால் சக்கரம் தானாக நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ இறுக்கம் அதிகம். பாரம் ஏற்றாமல் திரும்பவும் திறந்து பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது பேரிங் கொஞ்சம் படிந்து உட்காரும். அப்போது சக்கரத்தை இழுத்துத் தள்ளிப் பார்த்து, ஆட்டம் வந்திருந்தால் ஒரு மெல்லிய ஷிம் எடுத்துவிட்டு, பெட்டியைப் பிடிக்கும் போல்ட்களையும் பிட்மன் ஆர்ம் நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.